ஒரு பிடி சாம்பலும் ஓராண்டுப் பொறுமையும்



பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்து குடியேறிய நம்மில் பலருக்கு ஊரிலே இன்னும் ஒரு வீடு இருக்கிறது. கிருஷ்ணகிரியிலோ, தருமபுரியிலோ, திருவண்ணாமலையிலோ, வேலூர்ப் பக்கத்திலோ வயது முதிர்ந்த பெற்றோர் அந்த வீட்டில் வாழ்கிறார்கள். கோடை விடுமுறையில் நம்முடைய பிள்ளைகள் அங்கே செல்கிறார்கள். நகரத்தில் சம்பாதித்த பணத்தில் அந்த வீட்டுக்குத் தளம் போட்டிருப்பீர்கள். ஒரு கழிப்பறையும் கட்டிக் கொடுத்திருப்பீர்கள். அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் கட்டும்போது நம்மில் அநேகர் கேட்க மறந்துவிட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குழி நிறைந்த பின்பு அதை யார் அள்ளுவது?

இந்தக் கேள்விக்கு விடை ஊரிலேயே, வைக்கோற்போரின் அருகிலும் நெல் அரைக்கும் ஆலையின் பின்புறத்திலும் குவிந்து கிடக்கிறது. உமி, உமிச்சாம்பல், அடுப்புச் சாம்பல், மரத்தூள், தென்னை நார்க்கழிவு, காய்ந்த சருகு ஆகியவையே அது. வேளாண்மையில் கழிவென்று ஒதுக்கப்படும் இவற்றைக் கொண்டு கழிப்பறையைச் சுத்தமாகவும் நாற்றமின்றியும் காத்து, குழியில் உள்ளதை எருவாக மாற்ற முடியும். அதைக் கிராமத்து மக்களுக்குக் கற்றுக்கொடுத்து வெற்றி கண்டவர்களும் நம் நடுவே இருக்கிறார்கள்.

குழி நிறையும் நாள்

2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ், கிராமப்புறக் குடும்பங்களுக்குக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. இவ்வியக்கம் பெரிதும் பரிந்துரைத்தது இரட்டைக் குழி முறையாகும். ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்த குழியைப் பயன்படுத்த வேண்டும். மூடிய குழியில் உள்ளது ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் மக்கி, மணமற்ற மண்ணாகிவிடும். அப்போது அதை எவரும் அருவருப்பின்றி எடுக்கலாம்.

ஆனால் பல வீடுகளில் நடந்தது வேறு. ஆழமாக ஒரே குழி தோண்டினால் நெடுங்காலம் நிறையாது என்று எண்ணி அப்படியே செய்தார்கள். வேறு சிலர் அடியும் பக்கமும் பூசிய ஒரு தொட்டியைக் கட்டி, அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயரிட்டார்கள். டயேன் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் வடஇந்தியக் கிராமங்களில் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்ட நூல் ஒரு முக்கியமான உண்மையை எடுத்துக் காட்டியது. குழி நிறைந்தால் அதை அள்ளுவது தாழ்த்தப்பட்டோர் வேலை என்ற சாதி எண்ணமும், நிறைந்துவிடுமே என்ற அச்சமும், வீட்டில் கழிப்பறை இருந்தும் மக்களை வெளியே போகச் செய்தன. இந்த எண்ணம் வடக்கே மட்டும் உள்ளதென்று நாம் சொல்லிவிட முடியுமா? நம் ஊர்களிலும் குழி நிறைந்தால் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தங்கவயல் கற்பித்த பாடம்

நம் வாசகர்களில் கோலார் தங்கவயலோடு உறவுள்ள குடும்பங்கள் பல உண்டு. அந்தச் சுரங்க நகரத்தில் ஒரு காலத்தில் உலர் கழிப்பறைகள் இருந்தன. நாள்தோறும் அதிகாலையில் மனிதர்களே வாளியும் தகரமும் கொண்டு அவற்றை அள்ளிச் சுமந்தார்கள். அந்த வேலையைச் செய்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். 1980-களில் அவர் அதை எதிர்த்துக் குரலெழுப்பத் தொடங்கினார். பின்னர் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் என்ற இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவராகி, 2016-இல் ரமோன் மகசேசே விருதைப் பெற்றார்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. கழிவுநீர்க் குழியில் இறங்கி உயிரிழந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் விஷவாயுவில் மூச்சடைத்து மாண்ட ஒரு தகப்பன் வீடு திரும்பப் போவதில்லை.

ஆகவே கழிப்பறை கட்டும்போதே ஒரு தீர்மானம் தேவைப்படுகிறது. நம் வீட்டுக் குழியில் எந்த மனிதனும் பச்சைக் கழிவைத் தொடக் கூடாது என்பதே அந்தத் தீர்மானம். அதை நிறைவேற்ற இரண்டு பொருள்கள் உதவுகின்றன: ஒன்று காய்ந்த வேளாண் கழிவு, மற்றொன்று காலம்.

சாம்பல் என்ன செய்கிறது?

மலத்தை மூட வேண்டும் என்பது புதிய போதனையன்று. பாளயத்துக்கு வெளியே ஓர் இடத்தை ஒதுக்கி, அங்கே தோண்டி, கழித்ததை மண்ணால் மூடும்படி இஸ்ரவேலருக்குக் கட்டளையிடப்பட்டதை உபாகமம் 23-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கிருமிகளைப் பற்றிய அறிவு தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே சொல்லப்பட்ட சுகாதார முறை அது.

மண் செய்கிற வேலையைச் சாம்பல் இன்னும் நன்றாகச் செய்கிறது. முதலாவது, அது ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரம் குறைந்தால் நாற்றமும் ஈயும் குறைகின்றன. இரண்டாவது, விறகுச் சாம்பலில் காரத்தன்மை மிகுதி. காரமும் வறட்சியும் கூடுகிற இடத்தில் நோய்க்கிருமிகள் நெடுநாள் பிழைப்பதில்லை. உமியும் மரத்தூளும் நார்க்கழிவும் வேறு விதமாக உதவுகின்றன. அவை குவியலுக்குள் காற்று நுழைய வழி செய்கின்றன. மேலும் மலத்தில் தழைச்சத்து அதிகம், கரிமச்சத்து குறைவு. வைக்கோல், மரத்தூள் போன்றவற்றில் கரிமச்சத்து மிக அதிகம். மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு கரிமச்சத்து ஏற்றது. வயல் கழிவு அந்தக் குறையை நிரப்புகிறது. சாணத்தோடு சருகையும் தாளையும் சேர்த்துக் குப்பைக்குழியில் போடுகிற உழவருக்கு இந்தக் கணக்கு கை வழக்கத்திலேயே தெரியும்.

இந்தப் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ இருபது கிலோ உமி கிடைக்கிறது. உமியை எரிபொருளாகப் பயன்படுத்தும் ஆலைகளில் சாம்பல் மலைபோல் குவிகிறது. கயிற்று ஆலைகளில் நார்க்கழிவும், மரம் அறுக்கும் பட்டறைகளில் தூளும், களத்துமேட்டில் கடலைத் தோலும் இருக்கின்றன.

இம்முறைக்கு உரிய கழிப்பறையை ஈகோசான் என்று அழைக்கிறார்கள். தரைமட்டத்துக்கு மேலே இரண்டு அறைகள் கட்டப்படும். மலம் ஓர் அறைக்குள் விழும். சிறுநீர் தனிக் குழாயில் பிரிந்து ஒரு கலத்துக்குச் செல்லும். கால் கழுவும் நீர் தனி வழியாக ஒரு செடிப் பாத்திக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய பின் ஓரிரு பிடி சாம்பலைத் தூவ வேண்டும். ஓர் அறை நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்ற அறைக்கு மாற வேண்டும். 1950-களில் வியட்நாமின் வடபகுதிக் கிராமங்களில் இத்தகைய இரட்டை அறைக் கழிப்பறை பரப்பப்பட்டது. அங்கேயும் அடுப்புச் சாம்பலே மூடுபொருளாயிற்று.

பழைய உலர் கழிப்பறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே அன்றைய மலத்தை அன்றே ஒரு மனிதர் அள்ளினார். இங்கே ஓராண்டுக்கு மேல் எவரும் அதைத் தொடுவதில்லை; தொடும்போது அது மலமாகவும் இருப்பதில்லை.

முசிறியின் அனுபவம்

காவிரியின் வடகரையில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் முசிறி இருக்கிறது. வாழையும் நெல்லும் விளையும் பூமி. நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால், ஆழமாகக் குழி தோண்டினால் கழிவு கிணற்று நீரோடு கலக்கும் அபாயம் உண்டு. ஆகவே நிலத்துக்கு மேலே கட்டும் ஈகோசான் முறை அந்தப் பகுதிக்குப் பொருத்தமாக இருந்தது. ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த சுப்புராமன் அதைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பரப்பினார். முசிறியில் ஒரு பொது ஈகோசான் கழிப்பறையும் ஏற்பட்டது. அதைப் பயன்படுத்த வந்தவர்களிடம் காசு வாங்குவதற்குப் பதிலாக, அவர்களுக்கே ஒரு சிறு தொகை கொடுக்கப்பட்ட செய்தி நாடெங்கும் வியப்போடு பேசப்பட்டது. கழிவுக்கு விலை உண்டு என்பதை விவசாயிக்கு இதைவிட எளிதாக எப்படி விளக்க முடியும்? சுப்புராமனின் பணிக்காக 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விலை உண்டு என்பது வெறும் பேச்சன்று. ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்நூறு லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். நம் நாட்டு உணவுப் பழக்கத்தில் அதிலுள்ள தழைச்சத்து இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் என்று மதிப்பிட்டுள்ளார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு அரை மூட்டை யூரியாவுக்கு ஈடாகிறது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வாழைக்குச் சிறுநீரை உரமாக இட்டுச் சோதித்து, அது உரமாக உதவும் என்று 2009-இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள்.

பெங்களூரிலும் நடந்தது

இது கிராமத்துக்கு மட்டும் உரிய காரியம் என்று நினைக்க வேண்டாம். தமிழர் திரளாக வாழும் இராஜேந்திர நகர் குடிசைப் பகுதியில், கென் ஞானாக்கன் நிறுவிய ஆக்ட்ஸ் அமைப்பு 2000-களில் ஒரு பொதுக் கழிப்பறையை நடத்தியது. சிறுநீரும் மலமும் தனித்தனிக் கலங்களில் சேர்க்கப்பட்டு, நகரத்துக்கு வெளியே உரமாக்குவதற்குக் கொண்டு செல்லப்பட்டன. வித்யாரண்யபுரத்தில், நீர்ப் பாதுகாப்புக்காக உழைக்கும் விஸ்வநாத்தும் கட்டடக்கலைஞர் சித்ராவும் தங்கள் வீட்டு மாடியிலேயே ஈகோசான் கழிப்பறை அமைத்து, அதன் எருவைக் கொண்டு மாடியில் நெல் பயிரிட்டுக் காட்டினார்கள். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் 2015-இல் மலக்கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று ஏற்பட்டது. ஊர்திகள் வீட்டுக் குழிகளிலிருந்து உறிஞ்சி வரும் கசடு அங்கே காய்ந்து, ஊரின் மக்கும் குப்பையோடு சேர்ந்து எருவாக மாறுகிறது. மூன்று இடங்களிலும் அடிப்படை ஒன்றே. நகரத்தில் ஊர்தியும் நிலையமும் வேண்டியிருக்கின்றன. கிராமத்து வீட்டில் ஒரு கோணி நிறையச் சாம்பல் போதுமானதாக இருக்கிறது.

ஏன் சில இடங்களில் கைவிடப்பட்டது?

உண்மையை மறைக்கக் கூடாது. கட்டிய ஈகோசான் கழிப்பறைகள் எல்லாம் நிலைக்கவில்லை. விறகறையாகவும் கோழிக்கூடாகவும் மாறியவை உண்டு. கட்டடத்தைக் கொடுத்தவர்கள் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்காமல் போனது ஒரு காரணம். வீட்டுக்கு வந்த விருந்தினர் விவரம் அறியாமல் வாளி நீரை மலத்துளையில் ஊற்றினால், அறை முழுவதும் நாறிவிடும்.

சாம்பல் கிடைக்காமற்போனது இன்னொரு காரணம். சமையல் எரிவாயு ஏழைகளின் வீடுகளுக்கும் வந்துவிட்டது; புகையில்லாத அடுப்பு தாய்மாருக்கு நல்லதுதான். ஆனால் அடுப்புச் சாம்பலை நம்பிய கழிப்பறைக்கு மூடுபொருள் குறைந்துபோயிற்று. ஆகவேதான் மற்ற வயல் கழிவுகளைப் பயன்படுத்தக் கற்பிப்பது இன்று முன்னைவிட முக்கியமாகிறது. உமி, மரத்தூள், நார்க்கழிவு ஆகியவற்றுக்குச் சாம்பலைப் போன்ற காரத்தன்மை கிடையாது. எனவே அவற்றோடு சிறிது சுண்ணாம்புத் தூளைக் கலந்துகொள்வது நல்லது.

ஊரில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நகரத்திலிருந்து வந்தவர் என்ற தோரணையில் ஊராரை உட்காரவைத்து உபதேசம் செய்யாதீர்கள். எரு என்றால் என்ன என்பதை உங்கள் தகப்பனார் உங்களைவிட நன்றாக அறிவார். குப்பைக்குழியை எத்தனை மாதம் மக்க விட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். கழிப்பறையை அன்றாடம் சுத்தம் செய்பவர் பெரும்பாலும் தாயாரோ அண்ணியாரோ ஆவார். எங்கே சாம்பல் வாளியை வைப்பது, மழைக்காலத்தில் எங்கே மூட்டையைக் காப்பது என்பவற்றில் அவர்களுடைய சொல்லே இறுதியாக இருக்கட்டும். ஒரு வீட்டில் ஓராண்டு கழித்து எடுத்த எருவை அக்கம்பக்கத்தார் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தால், பத்துக் கூட்டங்கள் செய்யாததை அது செய்யும்.

பழக வேண்டிய காரியங்கள் சில:

1. மழைக்காலத்துக்கு முன்பே சாம்பலையோ உமியையோ நன்றாக உலர்த்தி மூட்டையில் கட்டி வையுங்கள். சாம்பலில் கனல் இல்லை என்பதை உறுதி செய்து, சலித்துக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வொருவரும், பிள்ளைகளும் விருந்தினரும் உட்பட, பயன்படுத்தியவுடன் முழுவதும் மறையும்படி தூவ வேண்டும். கழுவும் நீர் மலத்துளைக்குள் போகக் கூடாது.

3. அறையை மூடிய நாளைச் சுவரில் எழுதி வையுங்கள். வெப்பமான இடங்களில் ஓராண்டுக்கு மேல் விட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஓசூர், பெங்களூரு போன்ற குளிர்ந்த மேட்டுநிலங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு விடுவது பாதுகாப்பு.

4. எருவை எடுக்கும்போது கையுறையும் மண்வெட்டியும் பயன்படுத்துங்கள். மரங்களின் அடியிலும் வாழைக்கும் மண்ணுக்குள் புதைத்து இடுங்கள். பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் வேண்டாம்.

5. சிறுநீரைப் பல பங்கு நீர் கலந்து இலையில் படாமல் வேரடி மண்ணில் ஊற்றுங்கள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

6. எல்லாவற்றுக்கும் பின் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உங்கள் ஊர் வீட்டில் இருப்பது நீர் ஊற்றும் இரட்டைக் குழிக் கழிப்பறையானால், அதற்குள் சாம்பலையும் உமியையும் போடாதீர்கள். குழாயும் குழியின் துவாரங்களும் அடைத்துக்கொள்ளும். அதில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு குழியை மட்டும் பயன்படுத்தி, நிறைந்ததை உரிய காலம் வரை மூடி வையுங்கள். எப்போதும் இரண்டு குழிகளுக்கும் சேர்த்து நீர் போகும்படி இணைத்திருந்தால், அடுத்த முறை செல்லும்போது கொத்தனாரை அழைத்து அதைச் சரிசெய்துவிடுங்கள்.

அவசரம் கெடுக்கும்

இம்முறை முழுவதிலும் மிகக் கடினமான பகுதி காத்திருப்பதுதான். உருண்டைப்புழுவின் முட்டை மிகவும் உறுதியானது. மற்றக் கிருமிகள் மடிந்த பின்பும் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வியட்நாமில் சில இடங்களில் பயிர்ப் பருவம் வந்துவிட்டது என்று மூன்று நான்கு மாதங்களிலேயே எருவை வாரி வயலில் இட்டதைப் பிற்கால ஆய்வாளர்கள் கவலையோடு குறிப்பிட்டிருக்கிறார்கள். பாதி மக்கியது எருவைப்போலத் தோன்றினாலும் எருவாகாது. அந்த மண் பட்ட கையைக் கழுவாமல் வாயில் வைக்கும் பிள்ளையின் வயிற்றுக்கு அந்தப் புழு வந்து சேரும். சுவரில் எழுதிய தேதியைப் பார்த்து, அந்த நாள் வரும்வரை மூடியைத் திறக்காமல் இருப்பதும் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமே.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது பெற்றோருக்குச் சேலையும் வேட்டியும் வாங்கிச் செல்வீர்கள். அவற்றோடு மூடியுள்ள ஒரு வாளியையும் ஓர் அகப்பையையும் வாங்கிச் செல்லலாம். ஊரில் இருக்கும் நாள்களில் ஒரு காலை வேளையை ஒதுக்கி, வீட்டுக் கழிப்பறை எந்த முறையைச் சேர்ந்தது, குழி எத்தனை, அது நிறைய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஊரிலுள்ள உங்கள் சபையாரோடும், பள்ளி ஆசிரியரோடும், ஊராட்சித் தலைவரோடும் பேசுங்கள். எந்த வீட்டிலும் ஒரு சகோதரனை அழைத்துக் குழிக்குள் இறக்காத ஊராக உங்கள் ஊர் மாறட்டும். அதற்கு வேண்டிய உமியும் சாம்பலும் அங்கேயே இருக்கின்றன. சொல்லிக் கொடுக்க ஓர் ஆள்தான் வேண்டும்.